நெடுஞ்சாலையின் தனிவாயில் (மின்சார வண்டியின் வரலாறு: அத்தியாயம் 17)

சென்ற அத்தியாயத்தில், கலிபோர்னியா மாகாணத்தின் காற்று வள வாரியம் 1990-ஆம் ஆண்டில் பிறப்பித்த விதியின் விளைவாக ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ஈ.வி.1 என்னும் வண்டியை வெளியிட்டதையும், அவ்வண்டிக்கு மின்சாரம் ஊட்டுவதற்கென்று காந்தத் தூண்டலால் வேலை செய்யும் தட்டையான துடுப்பு ஒன்றை அக்கம்பெனி அமைத்ததையும், போர்டும் ஹோண்டாவும் உலோகத் தொடர்பால் வேலை செய்யும் வேறொரு முனையைக் கைக்கொண்டதையும், இரண்டு விதமான கம்பங்கள் ஒன்றன் வண்டிக்கு மற்றொன்று உதவாமல் நின்றதையும், 2001-ல் அதே வாரியம் உலோகத் தொடர்பு முறையையே ஏற்றுக்கொண்டதால் துடுப்புக் கம்பங்கள் அநாதைகளாய்ப் போனதையும் பார்த்தோம். பத்தே ஆண்டுகளில் அந்தச் சச்சரவு முன்னிலும் பெரியதோர் அரங்கில் மறுபடியும் எழுந்தது. இம்முறை அதில் பந்தயப் பொருளாக இருந்தது பிளக்கின் வடிவம் மட்டுமன்று. வண்டி விற்கும் கம்பெனி ஒன்று சாலையையும் தன் சரக்கின் ஒரு பகுதியாக ஆக்கிக்கொள்ளலாமா என்ற கேள்வியும் அதில் அடங்கியிருந்தது.

2010 பிறந்தபோது நிலைமை சீர்படும் என்று நம்ப இடமிருந்தது. அவ்வாண்டு ஜனவரியில் அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர் சங்கமாகிய எஸ்.ஏ.இ., வீட்டிலும் அலுவலகத்திலும் மெதுவாக மின்னேற்றுவதற்கென்று ஜே 1772 என்ற ஐந்து ஊசிப் பிளக்கை அங்கீகரித்தது. மார்ச் மாதத்தில் ஜப்பானில் டோக்கியோ மின்சாரக் கம்பெனியும் நிஸான், மிட்சுபிஷி முதலிய உற்பத்தியாளர்களும் கூடி, விரைவாக மின்னேற்றுவதற்கான சாடெமோ என்ற முறைக்கு ஒரு சங்கம் கண்டார்கள். ஆனால் அமெரிக்க, ஜெர்மானியக் கம்பெனிகளுக்கு ஜப்பானியரின் பிளக் உவப்பாக இல்லை. அவர்கள், மெது மின்னேற்றத்துக்கான பிளக்கின் கீழே இரண்டு பெரிய ஊசிகளைச் சேர்த்து ஒன்றாக்கிய சி.சி.எஸ். என்ற கூட்டுமுறையை 2011-ல் அறிவித்தார்கள். 2012 அக்டோபரில் எஸ்.ஏ.இ. அதற்கும் முத்திரை இட்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, இவ்விரு கூட்டத்திலும் சேராத ஒரு சிறு கம்பெனி தன் பிளக்கைத் தானே வகுத்துக்கொண்டு சாலையில் இறங்கிவிட்டிருந்தது.

இவ்விடத்தில் தொழில்முறையைச் சற்று விளக்கிவிடுதல் நலம். வீட்டுச் சுவரிலிருந்து வருவது மாறுதிசை மின்சாரம். பேட்டரி ஏற்றுக்கொள்வதோ நேர்திசை மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவி வண்டிக்குள்ளேயே இருக்கிறது. அது சிறியதாகவும் எடை குறைந்ததாகவும் இருக்கவேண்டியிருப்பதால் இரவு முழுவதும் ஓடியே பேட்டரியை நிரப்புகிறது. நெடுந்தூரம் போகிற பிரயாணிக்கு அத்தனை அவகாசம் கிடையாது. ஆகவே அந்த மாற்றும் கருவியைப் பன்மடங்கு பெரிதாக்கி, வண்டிக்கு வெளியே, சாலையோரத்தில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்து, நேர்திசை மின்சாரத்தை நேராகப் பேட்டரிக்கே செலுத்துவதுதான் விரைவு மின்னேற்றத்தின் தத்துவம். இப்பெட்டிக்கு ஆகும் செலவு பெரிது; நிலம், மின்மாற்றி, மின்சாரக் கம்பெனியின் இணைப்பு ஆகியவற்றின் செலவு அதனினும் பெரிது; இவை போதாவென்று, ஒரு மாதத்தில் எந்த நிமிஷத்தில் மிக அதிகமாக மின்சாரம் இழுக்கப்பட்டதோ அந்த உச்ச அளவுக்கென்று அமெரிக்க மின்சாரக் கம்பெனிகள் தனிக் கட்டணம் விதிப்பதால், நாளொன்றுக்கு இரண்டே வண்டிகள் வந்து போகிற நிலையமும் அந்தச் சுமையைத் தாங்கியே தீரவேண்டும். வண்டிகள் பெருகாமல் நிலையம் பிழைக்காது. நிலையங்கள் பெருகாமல் வண்டி விலைபோகாது. இந்த முடிச்சை யார் முதலில் அவிழ்ப்பது என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

மேலே சொன்ன சிறு கம்பெனியாகிய டெஸ்லா மோட்டார்ஸ் 2012 ஜூன் மாதத்தில் மாடல் எஸ் என்னும் வண்டியைக் கலிபோர்னியாவில் பிரீமான்ட் தொழிற்சாலையிலிருந்து முதல் வாடிக்கையாளர்களிடம் ஒப்படைத்தது. நிஸானின் லீப் வண்டி அமெரிக்க சர்க்காரின் சோதனைப்படி 73 மைல் ஓடிற்று என்றால், பெரிய பேட்டரி பொருத்திய மாடல் எஸ் 265 மைல் ஓடிற்று. எனினும், 265-ஆவது மைலுக்கு அப்பால் என்ன என்ற கேள்வி வாங்குவோர் மனத்தில் எழாமல் இல்லை. அதற்கு விடையாக 2012 செப்டம்பர் 24-ஆம் தேதி ஹாதார்ன் நகரில் கம்பெனியின் தலைமை நிர்வாகி எலான் மஸ்க் ஒரு புதிய ஏற்பாட்டைப் பிரகடனம் செய்தார். சூப்பர்சார்ஜர் என்று பெயரிட்ட ஆறு நிலையங்கள் ஏற்கெனவே அமைந்துவிட்டன என்று அன்று அறிவிக்கப்பட்டது: ஹாதார்ன், லெபெக், கோலிங்கா, கில்ராய், பார்ஸ்டோ, பால்ஸம்.

இந்த ஆறு ஊர்களின் பெயரையும் தேசப்படத்தில் தேடிப் பார்க்கிறவர்க்கு, அவற்றைத் தேர்ந்தவர்களின் நோக்கம் தெளிவாகப் புலப்படும். ஹாதார்ன் லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டியது. அங்கிருந்து வடக்கே புறப்படுகிறவன் டெஹோன் கணவாயில் ஏறுகையில் லெபெக் வருகிறது; மலையிறங்கி, இரு மருங்கும் வயலும் மாட்டுப்பண்ணையுமாய் நீளும் பள்ளத்தாக்குச் சாலையில் கோலிங்கா வருகிறது; சான்பிரான்சிஸ்கோவை நெருங்குகையில் கில்ராய். லாஸ் வேகாஸுக்குப் பாலைவனத்தின் வழியே போகிறவனுக்குப் பார்ஸ்டோ; டாஹோ ஏரிக்குப் போகிறவனுக்குப் பால்ஸம். எங்கே ஜனங்கள் அதிகம் வசிக்கிறார்கள் என்று பார்த்து அந்த நிலையங்கள் எழவில்லை. எங்கே பிரயாணி பயப்படுவான் என்று பார்த்தே எழுந்தன. சாலையை நன்கறிந்தவர்கள் செய்த வேலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கம்பெனியின் தலைமைத் தொழில்நுணுக்க அதிகாரியான ஜே.பி. ஸ்ட்ராபெல் முதலானோர் வகுத்த இந்த அமைப்பின் சூட்சுமம், வண்டிக்குள் வைப்பதற்கென்று தொழிற்சாலையில் ஏராளமாகச் செய்துவந்த அதே மாற்றிகளில் பலவற்றை ஒரு பெட்டிக்குள் அடுக்கிவிட்டதே. இதனால் புதிதாக ஒரு யந்திரத்தை வடிவமைக்கும் செலவு மிச்சமாயிற்று. அரை மணி நேரத்தில் 150 மைல் ஓடுவதற்கான மின்சாரம் ஏறும் என்று சொன்னார்கள். பிளக்கும் கைக்கு அடக்கமானது. மெது மின்னேற்றமும் விரைவு மின்னேற்றமும் அதே இரண்டு பெரிய ஊசிகளின் வழியே நடந்ததால், கூட்டுமுறைப் பிளக்கைப் போல இரட்டைப் பருமன் அதற்கு வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மாடல் எஸ் வாங்கியவர்க்கு அந்த மின்சாரம் ஆயுள் முழுவதும் இலவசம் என்றார்கள். 2014-ன் தொடக்கத்தில், குளிர்காலத்தின் நடுவே, இரண்டு மாடல் எஸ் வண்டிகள் இந்நிலையங்களை மட்டுமே நம்பி லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க் வரை 76 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தபோது, மின்சார வண்டி ஊருக்குள் ஓட மட்டுமே உதவும் என்ற பழைய அபிப்பிராயம் அமெரிக்காவில் ஆட்டம் கண்டது.

மற்றக் கம்பெனிகள் இதை ஏன் செய்யவில்லை என்று கேட்கத் தோன்றும். நூறு ஆண்டுகளாக வண்டி செய்வது ஒருவர் தொழில், எண்ணெய் விற்பது வேறொருவர் தொழில் என்ற சம்பிரதாயத்தில் வளர்ந்த ஸ்தாபனங்கள் அவை. பெட்ரோல் பங்க்குகளைக் கட்டாமலே போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் உலகப் பெருங்கம்பெனிகளாயின. மின்சாரக் கம்பங்களையும் அதுபோல யாரேனும் கட்டிக்கொள்வார்கள் என்று அவை எண்ணியதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் பெட்ரோல் வண்டிக்கு முன்பே ஊர்தோறும் மருந்துக்கடையிலும் பலசரக்குக் கடையிலும் தகர டப்பாவில் பெட்ரோல் கிடைத்தது. மின்சார வண்டிக்கு நெடுஞ்சாலையில் அப்படி ஒன்றும் காத்திருக்கவில்லை. இந்த வேற்றுமையை டெஸ்லா உணர்ந்தது. உணர்ந்ததோடு நில்லாமல், 2010-ல் சர்க்காரிடம் பெற்ற 46.5 கோடி டாலர் கடனை 2013 மே மாதத்தில் திருப்பிச் செலுத்திய அதே பருவத்தில், லாபமே அரிதான ஒரு கம்பெனி, நேரடி வருமானம் தராத நிலையங்களில் பணத்தை இறக்கிற்று. அந்தத் துணிவை அதன் எதிரிகளும் மறுக்க முடியாது.

அதனால் விளைந்த அனுகூலம் விசித்திரமானது. பேட்டரியின் தரம், மோட்டாரின் வலிமை, வண்டியின் அழகு முதலியவற்றில் ஒருவர் முந்தினால் மற்றவர் மூன்றாண்டில் எட்டிப் பிடித்துவிடலாம். ஆயிரக்கணக்கான இடங்களில் நிலம் பேசி, மின்சாரக் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்து, கம்பம் நாட்டி, அவற்றைப் பழுதில்லாமல் காத்துவரும் பழக்கத்தை மூன்றாண்டில் பெற்றுவிட முடியாது. முற்காலத்தில் யாத்திரை வழிகளில் தம் குலத்தார் மட்டுமே தங்குவதற்கென்று செல்வர்கள் கட்டிய சத்திரங்களைப் போல, டெஸ்லாவின் நிலையங்கள் பிறருக்குப் பூட்டியிருந்ததாலேயே உள்ளே இடமுள்ளவர்க்கு ஒரு கௌரவத்தைத் தந்தன. அந்தக் குலத்தில் சேரவேண்டும் என்று ஜனங்கள் ஆசைப்பட்டு அந்த வண்டியையே வாங்கினார்கள். மற்றக் கம்பெனியின் மின்சார வண்டியை வாங்கியவன், அதே கோலிங்காவில், டெஸ்லாவின் கம்பங்கள் பல சும்மா நிற்க, தன் வண்டிக்குப் பொருந்தும் ஒற்றைக் கம்பம் வேலை செய்கிறதா என்று தேடி அலையவேண்டியதாயிற்று. பொது வழியில் பிரயாணம் செய்கிற உரிமை எல்லோருக்கும் சமம் என்று கருதுகிற எவருக்கும் இந்நிலை நெருடலாகவே இருக்கும், எனக்கும் அப்படித்தான்.

டெஸ்லாவும் இதை அறியாமல் இல்லை. 2014 ஜூன் மாதத்தில், தன் காப்புரிமைகளை நல்லெண்ணத்தோடு பயன்படுத்துகிறவர்கள்மேல் வழக்குத் தொடர்வதில்லை என்று மஸ்க் அறிவித்தார். அதே சமயத்தில், பிற கம்பெனிகளின் வண்டிகளும் சூப்பர்சார்ஜரில் மின்னேற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். நிபந்தனை இரண்டு: அந்தக் கம்பெனிகள் தத்தம் உபயோகத்துக்கேற்ப மூலதனச் செலவில் பங்கு ஏற்கவேண்டும், வாடிக்கையாளரிடம் நிலையத்தில் காசு வாங்காமல், வண்டியின் விலையிலேயே அச்செலவை அடக்கிவிடவேண்டும். பெருங்கம்பெனி எதுவும் முன்வரவில்லை. நல்லெண்ணம் இல்லாமல் அந்த அழைப்பு விடுக்கப்பட்டது என்று நான் கருதவில்லை. ஆனால் எதிரியின் பிளக்கை ஏற்று, எதிரியின் வியாபார முறையை ஏற்று, எதிரியின் சாலையில் தன் வாடிக்கையாளரை அனுப்புவதற்கு எந்த நிர்வாகியின் மனமும் அப்போது இடங்கொடுத்திராது. டெஸ்லாவே அந்த இலவசத்தை நெடுநாள் தாங்கவில்லை. மாடல் 3 என்னும் மலிவான வண்டிக்கு லட்சக்கணக்கானோர் முன்பணம் கட்டியபின், 2017 முதல் புதிதாக வாங்குவோர்க்குக் கட்டணம் விதித்தது. சத்திரம் கடையாயிற்று, கடைக்காரனுக்கு எந்த வாடிக்கையாளனும் வேண்டியவனே. பிற்பாடு கதவு திறந்ததற்கு வித்து, என் எண்ணத்தில், இந்த மாறுதலில்தான் விழுந்தது.

இதற்கிடையே பொதுமக்களுக்கான நிலையங்கள் வேறொரு வழியில் எழுந்தன. 2015 செப்டம்பரில், வோக்ஸ்வாகன் தன் டீசல் வண்டிகளில் புகைச் சோதனையை ஏய்க்கும் சாதனத்தைப் பொருத்தியிருந்தது அமெரிக்க சர்க்காரால் வெளியிடப்பட்டது. அதைத் தொடர்ந்த சமரசத்தின்படி, மாசற்ற வண்டிகளுக்கான வசதிகளில் பத்தாண்டுகளில் 200 கோடி டாலரை அக்கம்பெனி செலவிடவேண்டியதாயிற்று. அப்பணத்தில் பிறந்ததே எலெக்ட்ரிபை அமெரிக்கா. எந்தக் கம்பெனியின் வண்டிக்கும் கதவு திறந்த அமைப்பு அது. நோக்கத்தில் அதைவிடச் சிறந்தது வேறில்லை. எனினும் பொது நிலையங்களில் பொதுவாகவே ஒரு குறை மிகுந்து நின்றது. கம்பத்தைச் செய்தவர் ஒருவர், அதில் பணம் வாங்கும் திரையைச் செய்தவர் ஒருவர், நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர், வண்டியின் மென்பொருளை எழுதியவர் இன்னொருவர். மின்சாரம் ஏறாவிட்டால், குற்றம் யாருடையது என்பதை அறிவதற்குள் பிரயாணி அடுத்த ஊருக்குப் போய்விடுவான், போக முடிந்தால். 2022-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ரெம்பெலும் உடனுழைத்தோரும் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பிரதேசத்தில் 181 பொது நிலையங்களுக்கு நேரில் சென்று, 657 சி.சி.எஸ். முனைகளைச் சோதித்துப் பார்த்தபோது, ஒழுங்காக வேலை செய்தவை 72.5 சதவீதமே. சிலவற்றில் திரை இருண்டிருந்தது. சிலவற்றில் பணம் செலுத்த முடியவில்லை. சிலவற்றில் கேபிள் வண்டிவரை எட்டவேயில்லை. டெஸ்லாவின் நிலையங்களிலோ வண்டியும் கம்பமும் கணக்கும் ஒரே கையில் இருந்ததால், எந்த நிலையத்தில் எத்தனை கம்பம் காலியாக இருக்கிறது என்பதை வண்டியின் திரையே முன்கூட்டிச் சொல்லிற்று. பொது உடைமை என்றால் பொறுப்பு பலருக்கும் பங்காகி, கடைசியில் யாருடையதும் அல்லாமல் போய்விடும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஆராய்ச்சி ஒரு சான்றாயிற்று. அப்படிப் போகவேண்டிய அவசியமில்லை என்பதே என் கட்சி. ஆனால் போய்விட்டது என்பது உண்மை.

ஐரோப்பாவில் வேறு வழி நடந்தது. ஐரோப்பிய யூனியன் 2014-லேயே ஒரு கட்டளையின் வாயிலாகப் பொது விரைவு நிலையங்களுக்கு சி.சி.எஸ். முறையின் ஐரோப்பிய வடிவத்தை விதித்துவிட்டது. 2017 நவம்பரில் பி.எம்.டபிள்யூ., டைம்லர், போர்டு, வோக்ஸ்வாகன் ஆகிய போட்டியாளர்கள் நால்வரும் பகை மறந்து ஐயானிடி என்ற கூட்டுக் கம்பெனியைத் தொடங்கினார்கள். டெஸ்லாவும் ஐரோப்பாவில் விற்ற மாடல் 3 வண்டிக்கு அந்தப் பொதுப் பிளக்கையே பொருத்தி, தன் கம்பங்களிலும் அதற்கான கேபிளைச் சேர்த்தது. ஆகவே 2021 நவம்பரில் நெதர்லாந்தில் பத்து நிலையங்களைப் பிற வண்டிகளுக்குத் திறந்து பரீட்சை பார்த்தபோது, புதிதாகக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. முதலில் வந்த சட்டம் எவ்வளவு சிரமத்தை மிச்சப்படுத்தியது என்பதை அமெரிக்கா பின்னால் உணர்ந்தது.

அமெரிக்காவில் அதே 2021 நவம்பரில் ஜனாதிபதி பைடன் கையெழுத்திட்ட சட்டம், மின்னேற்ற நிலையங்களுக்கென்று 750 கோடி டாலரை ஒதுக்கிற்று. பொதுப்பணம் வேண்டுமானால் பொதுவாயில் வேண்டும்: 2023 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, நெடுஞ்சாலை நிலையம் ஒவ்வொன்றிலும் 150 கிலோவாட் திறனுள்ள நான்கு முனைகளாவது இருக்கவேண்டும், அவற்றில் சி.சி.எஸ். இருக்கவேண்டும், அவை 97 சதவீத நேரம் வேலை செய்யவேண்டும், அங்கத்தினர் அல்லாதவரும் பணம் செலுத்த வழி இருக்கவேண்டும். இவ்விதிகள் உருவாகிக்கொண்டிருந்தபோதே, 2022 நவம்பர் 11-ஆம் தேதி, டெஸ்லா தன் பிளக்கின் வரைபடங்களை வெளியிட்டு, அதற்கு வட அமெரிக்க மின்னேற்றத் தரம் என்று பெயரும் சூட்டிற்று. சி.சி.எஸ். நிலையங்கள் யாவற்றிலும் சேர்ந்து உள்ளவற்றைக் காட்டிலும் தன் கம்பங்கள் 60 சதவீதம் அதிகம் என்றும் சொல்லிக்கொண்டது. ஒரே ஒரு கம்பெனி பயன்படுத்துகிற பிளக்குக்குக் கண்டத்தின் பெயரா என்று அப்போது பலர் வியந்தார்கள். பிப்ரவரியில், 2024 முடிவதற்குள் 7,500 மின்னேற்ற முனைகளைப் பிற வண்டிகளுக்குத் திறந்துவிட டெஸ்லா இசைந்திருப்பதாக வெள்ளை மாளிகை அறிவித்தது.

பிறகு நடந்தவை மிகவும் வேகமாக நடந்தன. 2023 மே 25-ஆம் தேதி போர்டு கம்பெனியின் தலைமை நிர்வாகி ஜிம் பார்லி, மஸ்க்குடன் சேர்ந்து பேசிய ஒரு நிகழ்ச்சியில், போர்டு வண்டிகள் 12,000-க்கு மேற்பட்ட சூப்பர்சார்ஜர்களைப் பயன்படுத்தும் என்றும், 2025 முதல் புதிய வண்டிகளில் டெஸ்லாவின் துளையே இருக்கும் என்றும் அறிவித்தார். இரண்டே வாரத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் மேரி பார்ரா அவ்வாறே அறிவித்தார். ரிவியன், வால்வோ, மெர்ஸிடிஸ், நிஸான், ஹோண்டா, ஹியுண்டாய், பி.எம்.டபிள்யூ., டொயோட்டா, வோக்ஸ்வாகன் என்று அவ்வாண்டு முடிவதற்குள் அனேகமாக எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். எஸ்.ஏ.இ. அந்தப் பிளக்கை ஜே 3400 என்ற எண்ணோடு தன் தரவரிசையில் சேர்த்துக்கொள்ள முன்வந்ததால், அது ஒரு கம்பெனியின் சொத்தாக இருந்த நிலை நீங்கிற்று. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எவரும் ஏற்காத அழைப்பை இப்போது எல்லோரும் ஏற்றதன் காரணம் என்ன? அவ்வாண்டு ஆகஸ்டில் பார்லி தம் கம்பெனியின் மின்சார டிரக்கை ஓட்டிக்கொண்டு மேற்கு மாகாணங்களில் பிரயாணம் செய்தார். கோலிங்காவில் வேகமான கம்பங்கள் கிடைக்காமல், மெதுவான ஒன்றில் 40 நிமிஷம் நின்றும் பேட்டரி 40 சதவீதமே நிறைந்ததை அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஒப்பந்தத்துக்குப் பின்னே வந்த பிரயாணம்தான் அது. என்றாலும், அந்த ஒப்பந்தத்துக்கு அவரை இட்டுச்சென்ற காரணத்தை வேறு எந்த அறிக்கையையும்விட அது நன்றாக விளக்குகிறது.

டெஸ்லா இழந்தது என்ன, பெற்றது என்ன என்பதைப் பற்றி அன்று பலத்த விவாதம் நடந்தது. தனிவாயிலின் கௌரவம் போயிற்று. வண்டி விற்பனையில் அதன் கூரிய ஆயுதங்களில் ஒன்று மழுங்கிற்று. மறுபுறம், அத்தனை கம்பெனிகளின் வாடிக்கையாளர்களும் மின்சாரம் வாங்க வந்தார்கள். உச்சக் கட்டணத்தின் சுமை பல தலைகளில் பரவிற்று. பொதுப்பணத்தில் பங்கு கேட்கவும் வழி பிறந்தது. இரண்டில் எது கனம் என்பதைக் கம்பெனியே உள்ளூர நிறுத்துப் பார்த்திருக்கும். பிரயாணியின் பக்கத்திலிருந்து பார்க்கிற எனக்கோ, தட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் ஐயமே இல்லை. 2024 பிப்ரவரி 29-ஆம் தேதி போர்டு வண்டிகளுக்கு அடாப்டர் வழியாக முதலில் கதவு திறந்தது. போர்டு டிரக்கின் துளை முன் சக்கரத்தருகே இருந்ததாலும், டெஸ்லா தன் வண்டிகளின் பின்மூலைக்கென்றே கேபிளைக் குட்டையாக வைத்திருந்ததாலும், ஒரு டிரக் இரண்டு இடத்தை அடைத்துக்கொண்டு நின்ற காட்சிகளும் நேர்ந்தன.

ஆனால் ஒரே கையில் எல்லாம் இருப்பதன் ஆபத்தும் அவ்வாண்டே வெளிப்பட்டது. ஏப்ரல் மாத இறுதியில் மஸ்க், சூப்பர்சார்ஜர் பிரிவின் தலைவி ரெபெக்கா டினுச்சியையும் அவர் கீழிருந்த ஏறக்குறைய 500 பேரையும் ஒருசேர வேலையிலிருந்து நீக்கினார். நிலம் பேசிக்கொண்டிருந்தவர்கள், கட்டடக் குத்தகைக்காரர்கள், இந்நிலையங்களை நம்பித் தங்கள் பிளக்கையே மாற்றிக்கொண்ட கம்பெனிகள் யாவரும், யாரிடம் பேசுவது என்றே தெரியாமல் திகைத்தார்கள். சில நாட்களில், புதிய கம்பங்களுக்கு அவ்வாண்டில் 50 கோடி டாலருக்கு மேல் செலவிடப்படும் என்று மஸ்க் சொன்னார். நீக்கியவர்களில் சிலரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு அந்த வாயில் திறக்கச் செப்டம்பர் ஆயிற்று. ஒரு தேசத்தின் நெடுஞ்சாலைப் போக்குவரத்து ஒரு மனிதரின் ஒரு நாள் முடிவைச் சார்ந்து நிற்பது எந்தச் சர்க்காரும் நிம்மதியாகப் பார்த்திருக்கக் கூடிய விஷயமன்று என்பதை நான் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன்.

டெஸ்லா அல்லாத கம்பெனிகளில், அந்தத் துளையை முதன்முதலில் தன் வண்டியிலேயே பொருத்தி விற்றது ஹியுண்டாய்; 2025-ஆம் ஆண்டுக்கான ஐயானிக் 5 வண்டி அது. அதிலும் ஒரு சிக்கல் எஞ்சியது. அவ்வண்டியின் பேட்டரி சுமார் 800 வோல்ட் அமைப்பைச் சேர்ந்தது. சூப்பர்சார்ஜர்களோ 400 வோல்ட் வண்டிகளை உத்தேசித்துக் கட்டப்பட்டவை. ஆதலால் 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை ஏற, டெஸ்லாவின் கம்பத்தில் சுமார் 30 நிமிஷமும், சி.சி.எஸ். முறையிலான 350 கிலோவாட் கம்பத்தில் அடாப்டரோடு சுமார் 20 நிமிஷமும் ஆகும் என்று ஹியுண்டாயே கணக்குக் கொடுத்தது. பிளக் ஒன்றாகியும் வேகம் ஒன்றாகவில்லை. மாதச் சந்தா செலுத்தாத பிற வண்டிக்காரர்க்குக் கட்டணமும் அதிகமாகவே இருந்தது. 2024 நவம்பரில், 1,000 வோல்ட் வரை தரக்கூடிய புதிய பெட்டிகளை மறு ஆண்டு முதல் நாட்டப்போவதாக டெஸ்லா அறிவித்தது. அதற்குள், பி.எம்.டபிள்யூ., ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, ஹியுண்டாய், கியா, மெர்ஸிடிஸ், ஸ்டெல்லாண்டிஸ் ஆகிய ஏழு கம்பெனிகள் கூடி, வட அமெரிக்காவில் 30,000 மின்னேற்ற முனைகளை நாட்டும் உத்தேசத்தோடு ஐயோனா என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கிவிட்டிருந்தன. அந்தக் கூட்டு முயற்சியின் வரலாற்றை அடுத்த அத்தியாயத்தில் எடுத்துக்கொள்வோம்.